டீ மாத்திரை

"மண்டைக்குள்ள ஏறின பொடி லீவு விட்டதும் இறங்கிருமாக்கும்? அது சாவகாசமாத்தான் இறங்கும்" என்றாள் வள்ளித்தாய்.

"பொடியக் கண்ணால பாத்தே எம்புட்டு நாளாச்சு மதினி. பெறகு எங்கருந்து வலிக்கு?"

பாண்டிலட்சுமி ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இருவருக்கும் விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணம் அடைக்கிற வேலை. எதிரெதிரே உட்கார்ந்து அடைப்பார்கள். சாயங்காலம் வேனில் ஏறும்போது அலுமினியப் பொடி படிந்து முழங்கை வரைக்கும் சாம்பல் பூசியது போல இருக்கும். பாண்டிலட்சுமியின் தலைவலிக்கு அந்தப் பொடிதான் காரணம் என்று வேனே பேசியது. அவளும் நம்பினாள். தீபாவளிக்கு முன்னாலேயே போர்மேன் மொக்கைச்சாமியிடம், "இனி நான் வரல அண்ணாச்சி. அச்சாபீஸுல காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். அங்கே கூலி பாதிதான். மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிறான். இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை.

மொக்கைச்சாமி, "லீவு முடியட்டும் தாயி. பூஜை போட்டுத் திறக்க முன்ன ஒரு வார்த்தை சொல்லு. அதுவரைக்கும் உன் எடத்த நான் ஆருக்கும் குடுக்கல" என்றிருந்தார்.

இப்போது தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. பொடி இல்லை, வாடை இல்லை. வலி மட்டும் விடிந்ததும் வந்துவிடுகிறது.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போயி வருவோம். பொடிய இறக்க ஊசி இருக்கான்னு கேப்போம்" என்றாள் வள்ளித்தாய்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் பிரீத்திகா ரத்த அழுத்தம் பார்த்தாள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள்.

"எத்தனை மாசமா வலிக்குதும்மா?"

"போன வருஷ சீசன்லருந்து. தெனமும்தான்."

"வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க?"

"நாங்க மாத்திரைக்கெல்லாம் பழகல டாக்டரம்மா. ரொம்ப முடியலன்னா மத்தியானம் ஒண்ணு. பெறகு படுக்கும்போது ஒண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

வாசலில் நின்ற வள்ளித்தாய் தலையை நீட்டினாள். "டீ மாத்திரையச் சொல்லலியே லச்சுமி."

"அது மாத்திரையா மதினி? அது டீயோட சேத்தி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "டீ மாத்திரைன்னா?"

"காலைல வேன நிறுத்தி டீக் குடிப்போம்ல, அங்கன கடைக்காரி கிளாஸோட ஒரு மாத்திரையும் குடுப்பா. வலிக்கு இல்ல டாக்டரம்மா, வலி வராம இருக்க. நாங்க அம்புட்டுப் பேரும் போடுவோம்."

"சாயங்காலம் திரும்பும்போது?"

"அப்பமும் டீ உண்டுல்ல."

"இப்ப லீவு விட்டாச்சே. இப்பவும் உண்டா?"

பாண்டிலட்சுமி சேலை முந்தியைத் திருகினாள். "மாத்திரையில்லாமக் குடிச்சா டீக் குடிச்ச மாதிரியே இல்ல. அதான் வாங்கி வச்சிருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வயிறு எரியுமே?"

"எரியுதே! எப்படிச் சொன்னீக?"

"வலி மாத்திரைய தினமும் போட்டா மூளை அதுக்குப் பழகிருதும்மா. ஒரு மாத்திரையோட வேகம் தணியும்போது, அடுத்ததைக் கேட்டு வலிக்கும். நீங்க போடுவீங்க. மறுபடியும் கேக்கும். வலிக்காக மாத்திரை போட்டது போயி, இப்ப மாத்திரையால வலிக்குது."

"அப்ப பொடி?"

"பொடியும் நல்லதில்லதான். மூக்கை மூடித்தான் வேலை பாக்கணும். ஆனா பொடி மட்டும்தான் காரணம்னா, லீவுல வலி கொறைஞ்சிருக்கணுமே?"

இதைத்தானே காலையில் மதினியிடம் கேட்டோம் என்று பாண்டிலட்சுமிக்குத் தோன்றியது.

"எல்லாத்தையும் நிறுத்துங்க, டீ மாத்திரையையும் சேத்து. முதல்ல வலி இன்னும் கூடும். பயப்படாதீங்க, வாரம் பத்து நாள்ல தணியும். கை கால் மரத்துப் போனாலோ, கண்ணு மங்கினாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ உடனே வந்துரணும். எப்படியானாலும் ரெண்டு வாரம் கழிச்சு என்னை வந்து பாருங்க."

வெளியே வந்ததும் வள்ளித்தாய் சொன்னாள்: "ஊசி போட மாட்டேனுட்டா. மாத்திரை குடுக்க மாட்டேனுட்டா. இதுக்கு ஒரு டாக்டரா?"

டாக்டர் சொன்னது போலவே வலி கூடியது. சுவரைப் பார்த்துப் படுத்தாலும் கண்ணுக்குள் வெளிச்சம் குத்தியது. லோடு ஆட்டோ ஓட்டப் போன புருஷன் செந்தூர்பாண்டி பாதியில் திரும்பி வந்து, "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கயேன். பாக்க முடியல" என்றான்.

"அந்த ஒண்ணுலதாங்க இம்புட்டும் வந்துச்சு. அங்கிட்டுப் போங்க."

வலி உச்சத்தில் இருந்த அன்றுதான் மொக்கைச்சாமி வண்டியை வாசலில் நிறுத்தினார். பாண்டிலட்சுமி தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்தாள். வள்ளித்தாயும் கூட இருந்தாள்.

"வாற வெள்ளிக்கெழமை பூஜை. மொதலாளி கேக்காரு. வாறியா தாயி, இல்ல வேற ஆளப் போடட்டுமா?"

பாண்டிலட்சுமி நெற்றியை அழுத்திக்கொண்டு யோசித்தாள். இந்த வலியோடு அங்கே போய் உட்கார முடியாது. ஆனால் இந்த வலி அங்கிருந்து வந்ததும் இல்லை. அச்சாபீஸுக்குப் போனாலும் இது பின்னாலேயே வரும்.

"என்ன தாயி, ரொம்ப வலிக்கா? இந்தா, இதப் போட்டுட்டு நிதானமாச் சொல்லு." சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

அவள் கை நீண்டது. அட்டையை வாங்கியும் விட்டாள். விரல் பழக்கத்தில் ஒரு மாத்திரையைத் தேடிப் போயிற்று. பிறகு நின்றது.

"அண்ணாச்சி, நீங்க இத தெனமும் போடுறீகளா?"

"ஆமா. எனக்கு ஒண்ணும் செய்யலியே."

"தலவலி இருக்கா?"

"இருக்கே. அதுக்குத்தான போடுறேன்."

வள்ளித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். வலியோடு வலியாகப் பாண்டிலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வாறேன் அண்ணாச்சி. எடத்த வைங்க."

"இந்த மண்டையோடயா?"

"வெள்ளிக்கெழமைக்குள்ள மண்ட சரியாயிரும். ஆகலைன்னா அடுத்த நாளு வாறேன்."

வெள்ளிக்கிழமை வேன் வழக்கமான இடத்தில் நின்றது. எல்லோர் கையிலும் புது மாஸ்க் இருந்தது. பாண்டிலட்சுமி வாங்கிக் கொடுத்தது. கடைக்காரி டீயை நீட்டினாள். கிளாஸுக்குக் கீழே கிழித்த காகிதத்தில் மாத்திரை.

"எனக்கு டீ மட்டும் போதும்க்கா."

"ஏன், என் கடையில கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. சீனி ஒரு கரண்டி கூடப் போடுங்க."

வள்ளித்தாய் தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒங்களுக்குத் தல வலிக்கா?"

"எனக்கு எதுக்குடி வலிக்கணும்? எனக்குத் தலவலியே வந்ததில்லையே."

"பெறகு எதுக்குப் போடுறீக?"

"எல்லாரும் போடும்போது நான் மட்டும் சும்மா நிக்க முடியுமா?"

"இன்னைக்கு நானும் சும்மாத்தான நிக்கேன்."

வள்ளித்தாய் மாத்திரையைக் காகிதத்தில் வைத்துக் கடைக்காரியிடம் நீட்டினாள். "ரெண்டு பேருக்கும் இதுக்குப் பதிலா ஒரு வடை குடு."

பத்து மணிவாக்கில் பாண்டிலட்சுமிக்கு இடது நெற்றியில் வலி லேசாகத் தட்டியது. மாஸ்கை இறக்கிவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். எதிர்ப் பலகையிலிருந்து வள்ளித்தாய் எட்டிப் பார்த்தபடியே இருந்தவள், அவள் திரும்பியதும் கேட்டாள்.

"என்னாச்சு? வந்துருச்சா?"

"வந்துச்சு மதினி. செத்த நேரம் இருந்துச்சு. யாரும் கவனிக்கலன்னதும் எந்திச்சுப் போயிருச்சு."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த புஸ்வாணக் கூட்டை எடுத்தாள்.