நாற்பத்தொன்றாம் எண் மெயில்

திருமழிசை தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்கிறது சுப்பராயனின் பட்டறை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே ஒரு மெயில் படிக்கப்பட்டும் இருந்தது, படிக்கப்படாமலும் இருந்தது.

படிக்கப்பட்டது என்றது மெயில் சர்வர். வாடிக்கையாளர் அனுப்பிய திருத்திய டிராயிங்கை, லேத் மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த டேப்லெட்டில் திறந்ததாக அதில் பதிவாகியிருந்தது. அந்த டேப்லெட்டைத் தொடுகிறவர் மிஷின் ஆபரேட்டர் வேம்புலி ஒருவர்தான். ஆனால் வேம்புலி பழைய டிராயிங்கின்படியே துளை போட்டு முடித்திருந்தார். அத்தனை உருப்படியும் ரிஜெக்ட்.

சுப்பராயன் கத்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மிஷினை ஹெல்பர் கோபி பார்த்துக்கொள்ளட்டும், வேம்புலி பேக்கிங்குக்குப் போகட்டும் என்று மட்டும் சொன்னார். தப்பு யாருக்கும் நடக்கும். படித்துவிட்டுப் படிக்கவில்லை என்று சாதிக்கிற ஆளிடம் மிஷினைக் கொடுக்க முடியாது என்பது அவர் கட்சி.

"நான் அத்த தொறக்கவே இல்ல மொதலாளி," என்றார் வேம்புலி. "சாப்ட்டு வந்து ஒரே ஒரு மெயிலுதான் தொறந்தேன். அது ஸ்வீட்டு கடைது."

"ஸ்வீட்டு கடைதா?"

"தீவாளி ஆர்டராம். மைசூர்பாக்கு படம் போட்டுகீது."

இந்த வாக்குமூலம் அவருக்கு உதவவில்லை.

பட்டறையின் மெயில் ஏற்பாட்டை எழுதியவள் லாவண்யா. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் என்று பெயர் கொண்ட எல்லாமே அவள் பொறுப்பு. சாதாரணமாக மெயில் சர்வர் தனக்கு வருகிற மெயில்களைத் தன் டிஸ்கிலேயே கோப்புகளாக அடுக்கிக்கொள்ளும். அப்படித்தான் செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சர்வருக்கும் சேமிப்பிடத்துக்கும் நடுவே ஓர் இணைப்பு நிரலை வைத்துவிட்டால், மெயிலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பெட்டியில் என்னென்ன இருக்கிறது, இந்த எண் மெயிலைக் கொடு, இதைப் படித்ததாகக் குறித்துக்கொள் என்று சர்வர் கேட்கும். நிரல் அதற்குப் பதில் சொன்னால் போதும். ஒவ்வொரு ஆர்டரின் மெயிலும் அந்த ஆர்டரின் விவரத்தோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்று சுப்பராயன் ஆசைப்பட்டதால், லாவண்யா ஆர்டர்களைப் பதிந்துவைக்கும் பட்டறையின் சொந்த ஜாப் மென்பொருளையே மெயிலுக்குக் கிடங்காக ஆக்கியிருந்தாள். ஒரு வருஷமாக அது ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இனிப்புக் கடை மெயிலை அன்று மதியம் அலுவலகத்திலிருந்து நீக்கியது அவள்தான். அவள் திரையில் அது இல்லை. வேம்புலியின் டேப்லெட்டில் இருந்தது. அவள் திரையில் இருந்த திருத்திய டிராயிங் டேப்லெட்டில் இல்லை. டேப்லெட்டில் மெயில் செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். டேப்லெட் சரியாகும், வேம்புலி சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போய்விடும். அதனால் கையை வைக்காமல், லேப்டாப்பை மிஷின் பக்கத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

இனிப்புக் கடை மெயிலைப் படிக்காததாகக் குறிக்கச் சொன்னாள். வேம்புலி விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். லேப்டாப்பில் திருத்திய டிராயிங் என்ற வரி தடித்த எழுத்துக்கு மாறியது. திறக்கச் சொன்னாள். மைசூர்பாக் வந்தது. லேப்டாப்பில் டிராயிங் படிக்கப்பட்டதாகிவிட்டது.

"நான் ஸ்வீட்ட தொட்டா உனுக்கு டிராயிங்கு ஆடுது," என்றார் வேம்புலி. "இன்னா மேடம் இது?"

இரண்டுக்கும் எண் என்ன என்று கிடங்கில் பார்த்தாள். டிராயிங்கின் எண் நாற்பத்தொன்று. நீக்கியவற்றின் பட்டியலில் இனிப்பு மெயிலின் எண்ணும் நாற்பத்தொன்றாகத்தான் இருந்தது.

காலியான எண்ணைக் காலியாக விடுவது சுப்பராயனுக்கு ஆகாது. ஆள் வேலையை விட்டு நின்றுபோனால் அவன் டோக்கன் நம்பர் அடுத்துச் சேருகிறவனுக்கு. ஆர்டர் ரத்தானால் அதன் ஜாப் நம்பர் அடுத்த ஆர்டருக்கு. வரிசையில் ஓட்டை இருந்தால் ஆடிட்டர் முதல் வாடிக்கையாளர் வரை நடுவில் இருந்தது எங்கே என்று கேட்பார்கள். ஆகவே ஜாப் மென்பொருளுக்கும் அதுவே சட்டம்: புதுப் பதிவு வந்தால் முதலில் காலியிடத்தை நிரப்பு. லாவண்யா இணைப்பு நிரலை எழுதும்போது, கைக்கெட்டிய தூரத்தில் ஓர் எண் இருக்க இன்னொன்று எதற்கு என்று, அதையே மெயில் எண்ணாகச் சர்வரிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் அதைச் சுப்பராயனுக்குக் கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தை வைத்து விளக்கினாள். அங்கே ஒரே டோக்கனை நாள் முழுக்க ஆள் மாற்றிக் கொடுக்கலாம். டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்தவருக்குப் போகிறது. மெயிலில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. டேப்லெட் ஒருமுறை இறக்கிய மெயிலை எண்ணோடு ஞாபகம் வைத்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு மெயில் போய், அதே எண்ணில் இன்னொன்று வந்துவிட்டது. விழித்ததும் சர்வரைக் கேட்டது: நாற்பத்தொன்று இருக்கிறதா? இருக்கிறது. சரி, அது நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதானே என்று விட்டுவிட்டது. வேம்புலி திறந்ததும், நாற்பத்தொன்றைப் படித்தாயிற்று என்று நேர்மையாகத் தகவல் சொன்னது.

"அப்போ இவன் பொய் சொல்லல."

"இல்ல சார். தப்பு நான் எழுதுனதுல இருக்கு. இனிமே நீக்குன மெயிலோட நம்பர வேற மெயிலுக்குக் குடுக்கக்கூடாது."

சுப்பராயனுக்கு வேறு கவலை. "நம்பர திருப்பிக் குடுக்கலன்னா நடுவுல ஓட்டை உழுமேம்மா."

"மெயில் நம்பர்ல மட்டும் விழும் சார். ஜாப் நம்பர் உங்க வழக்கப்படியே இருக்கும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். பேக்கிங்குக்கு எப்போது போகவேண்டும் என்று வேம்புலி கேட்டார்.

"பேக்கிங்குல உனுக்கு இன்னா வேலை?" என்றார் சுப்பராயன். "மேடம் முடிச்சதும் புது டிராயிங்க பாத்து மிஷின போடு."

லாவண்யா சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்தாள். கிடங்கில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஜாப் மென்பொருளின் எண்ணைத் தவிர, மெயில் எண் என்று தனியாக ஒன்று சேர்த்தாள். இதுவரை கொடுத்த மெயில் எண்களில் பெரியது எது என்பதையும் தனியே சேமித்தாள். புது மெயிலுக்கு எப்போதும் அதற்கு அடுத்த எண்தான். கடைசியாக வந்த மெயிலையே நீக்கினாலும் அதன் எண் மறுபடி வராது. பிறகு மெயில் பெட்டியின் அடையாள எண்ணை ஒரே ஒருமுறை மாற்றினாள். அது மாறினால், ஞாபகத்தில் வைத்திருப்பதையெல்லாம் கீழே போட்டுவிட்டுப் புதிதாக இறக்கவேண்டும் என்பது எல்லா மெயில் செயலிக்கும் விதி. டேப்லெட்டின் பட்டியல் வெறுமையாகி, மறுபடி நிரம்பியது. திருத்திய டிராயிங் அதில் இருந்தது, திறந்தபோது உள்ளேயும் டிராயிங்கே இருந்தது.