வெந்நீரில் கழுவிய புட்டி

என் வீட்டுக்காரர் சிவசங்கரனுக்கு எதிலும் சுத்தம் வேண்டும். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்க்கிறார். அங்கே ஒரு தூசி பறந்தாலும் என்னைத்தான் முறைப்பார். அந்தச் சுத்தம்தான் எங்கள் உயிரை எடுத்தது.

பொம்மசந்திராவில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய மதில். அதற்குள்ளே அணுகுண்டுக்கு வேண்டிய உலோகத்தைச் சுத்தம் செய்கிறார்கள். தொண்ணூற்றெட்டில் பாலைவனத்தில் குண்டு வெடித்துப் பார்த்தபோது தெருவே லட்டு கொடுத்தது, நானும் தின்றேன். மறு மாதமே மதிலுக்குள் கழிவுத் தொட்டியில் விரிசல், கழிவு நிலத்தடி நீரில் கலந்திருக்கலாம் என்று செய்தி வந்தது. தின்ற லட்டு அப்போதுதான் நெஞ்சைக் கரித்தது.

என் மகள் தாரணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்ததிலிருந்து எங்கள் கொல்லை அடிபம்புத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

தெருவில் எல்லோரும் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் அனுப்பினோம். மற்றவர்கள் கையில் கிடைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தார்கள். இவர் விடுவாரா? தன் மேசை இழுப்பறையிலிருந்து இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் புட்டியை எடுத்து, வெந்நீர் விட்டு மூன்று முறை கழுவி, பிடித்துக் கொடுத்தார்.

முடிவு வந்தது. எல்லா வீட்டுத் தண்ணீரும் நன்றாக இருந்தது. எங்களுடையதில் மட்டும் கதிர்வீச்சு.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா கறிவேப்பிலை பறிக்க வருவதை நிறுத்தினாள். ஓசூரிலிருந்து மாப்பிள்ளை ஹரிஷ்குமார் போன் செய்தார்.

"அத்தை, ஞாயித்துக்கெழம வந்து தாரணிய கூட்டிட்டுப் போயிடுறேன். அந்தத் தண்ணி இனிமே வேணாம்."

கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொம்பு சொம்பாக அடித்துக் கொடுத்தது நான்தானே. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அதையும் தாரணி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தாள்.

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து மமதா என்ற கன்னடப் பெண் வந்தாள். மதிலை ஒட்டிய லட்சுமம்மா வீட்டில் ஒன்றும் இல்லாதபோது தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் மட்டும் எப்படி என்று அவளுக்குச் சந்தேகம். தான் கொண்டுவந்த புட்டியில் தண்ணீர் பிடித்துப் போனவள் சனிக்கிழமை திரும்பி வந்தாள்.

"உங்க தண்ணில ஏனூ இல்லம்மா. நல்ல தண்ணி," என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "சார், மொதல்ல குடுத்தீங்களே, அந்தப் புட்டி யாருது?"

"என்னுதுதான். மூணு தரம் வெந்நீர்ல கழுவினேன்." அப்போதும் பெருமைதான்.

"அதுக்கு முந்தி அதுல என்ன இருந்துச்சு?"

இவர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "ரேடியம் பெயிண்ட். இருட்டுல மணி தெரியணும்னு முள்ளுக்குப் பூசுவாங்களே, அது."

"கழுவினா போகாது சார் அது."

அவள் கதிர்வீச்சைக் காட்டும் ஒரு கருவியை எடுத்து வீடு முழுக்க வைத்துப் பார்த்தாள். இழுப்பறையில் மட்டும் அது கத்தியது. தாரணி படுக்கும் அறையில் சத்தமே இல்லை. இழுப்பறையில் இருந்ததையெல்லாம் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டாள்.

"மதில் பக்கத்துல இருக்கீங்க. வருஷா வருஷம் தண்ணிய குடுத்துப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவரை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. நல்ல தண்ணீர், என் பிள்ளைக்கு நல்ல தண்ணீரைத்தான் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இவர் எழுந்துபோய் ஓசூருக்குப் போன் போட்டார்.

"மாப்ள, தண்ணி மேல தப்பில்ல. என் மேலதான் தப்பு."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் முகம் தெளிந்தது. "நாளைக்கு வராராம். சும்மா பாத்துட்டுப் போவாராம்," என்றார்.

தாரணி கொல்லைப் பக்கம் போனாள். நான் முந்திக்கொண்டு ஓடி, பம்பை அடித்து முதல் வாய் நான் குடித்தேன். பிறகு அவளுக்குக் கொடுத்தேன். சொம்பை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தாள்.

"கேன் தண்ணி நல்லாவே இல்லம்மா. இன்னொரு சொம்பு அடி."