ஓக் கதவில் கறுத்த கை

எம். புதுப்பட்டி பட்டாசு முதலாளி ராஜபாண்டியனின் புது வீட்டு வாசற்கதவில், மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் அடிப்பதற்கு முன்பே நாஜியாவின் வலது கை கறுப்பாகப் படிந்தது. நாஜியா காணாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கதவு கப்பலில் வந்த ஓக் மரம். நாஜியாவின் புருஷன் ஆசிப்தான் பாலீஷ்காரர். உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மரநார்ச் சிலும்பு எழுந்ததும் மறுபடி தேய்த்தார். ஸ்டெயின் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகக் கறுக்க அதுதான் வழி. ஈர ஓக்கில் இரும்புத்தூள் பட்டால் கறை பிடித்துவிடும். கம்பி மத்தாப்பு செய்கிற ஊரில் இரும்புத்தூள் ஒட்டாத கை ஏது?

“எவம்லே ஈரக் கதவுல கை வச்சது?” என்று கத்தினார் ஆசிப்.

“உம்ம கதவு என்ன கல்யாணப் பொண்ணா பாய், தொட்டுப் பாக்க?” என்றார் கொத்தனார்.

ஆசிப் தேய்த்தார், போனது. துடைத்தார், வந்தது. அப்போதுதான் சுண்டுவிரலைப் பார்த்தார். மேல்கணு இல்லை. அரிவாள்மனையில் அது துண்டானபோது நாஜியாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

அவள் வேலை பார்த்த ராஜபாண்டியனின் மத்தாப்பு ஷெட் வெடித்த மதியம் அவள் காணாமல் போனாள். காலையிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்றது கம்பெனி. எவனோடோ திருப்பூருக்கு ஓடிவிட்டாள் என்றது தெரு. ஆசிப் தெருவை நம்பி, அவள் சேலைகளை எரித்திருந்தார்.

ராஜபாண்டியன் ஓடிவந்தார். “இன்னும் கறுப்பா அடிச்சு மறைச்சிருங்க பாய். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும்.”

சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. அதன்மேல் இன்னொன்று. வளையல் தடத்தோடு, காய்ப்போடு, கை மேல் கையாகக் கதவு முழுதும் கறுத்தது.

“முதலாளி, அவ போனாளா, உள்ள இருந்தாளா?”

ராஜபாண்டியன் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். “உள்ளதான் பாய் இருந்தா. ஆள் கூடுதலா வச்சிருந்தது தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும்னு மறைச்சுட்டேன்…”

ஆசிப் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

அதன்பிறகு கதவு ராஜபாண்டியனுக்குத் திறக்கவில்லை. சூலக்கரை எஸ்.பி. ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொல்லி வந்த பிறகே திறந்தது. பள்ளிவாசலில் நாஜியாவுக்கு, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை நடந்தது. மறுநாள் ஆசிப் வந்து வெறும் வார்னிஷ் மட்டும் பூசினார்.

பால் காய்ச்சுக்கு வந்த பக்கத்து வீட்டு யோகேஸ்வரி கதவைத் தடவிப் பார்த்தாள். “எம்புட்டு சீராக் கறுத்திருக்கு! என்ன ஸ்டெயின் பாய்?”

“ஸ்டெயின் இல்லம்மா. எம் பொண்டாட்டி கை. கூட இருந்தவுக கையும்.”

“அதானே பாத்தேன்” என்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.