சொன்னால் திரும்பிவிடும் சிறுநீரகம்

சகல விசுவாசிகளும் எழுந்து நின்று கேட்கத்தக்க, சபை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க செய்தி இது. பல் டாக்டர் தன் தம்பிக்குத் தானமாகக் கொடுத்த சிறுநீரகம், அதைப் பற்றி அவர் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் அவரிடமே திரும்பி வந்துவிடும். தையல் பிரியாது, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது. கோபித்துக்கொண்டு போன பிள்ளை வீடு திரும்புவதுபோல வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு பெல்ட் இறுகும், தம்பிக்கு முகம் வெளுத்துக் கால் வீங்கும். டாக்டர் வாயைக் கட்டினால் வந்த வழியே போய்விடும்.

கொடுத்தபோது முழு மனதோடுதான் கொடுத்தார்; அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கெடுத்தது தொழில். பல் டாக்டருக்கு வாய்க்கிற சபை எந்தப் போதகருக்கும் வாய்க்காது. நாற்காலியில் சாய்ந்தவர் வாயைப் பிளந்தபடி கேட்டுத்தான் ஆகவேண்டும், குறுக்கே பேச முடியாது. ஒவ்வொரு சொத்தைப் பல்லுக்கும் ஒரு தடவை தன் தியாகத்தைச் சொன்னார். கிளினிக்கில் வெளியே காத்திருந்த தம்பி மனைவி, கதவு வழியாக அவர் குரலைக் கேட்டாள். பக்கத்தில் கணவன் செருப்புக்குள் கால் நுழையாமல் தவிப்பதையும் பார்த்தாள். இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை. நேரே உள்ளே போனாள்.

"அத்தான், நீங்க குடுத்தீங்களா, இல்ல வாடகைக்கு விட்டீங்களா?"

டாக்டருக்கு முகம் செத்துப்போனது. இனி வாயைத் திறப்பதில்லை என்று முழங்காலில் நின்று பொருத்தனை செய்தார். வாயைத் திறக்கவும் இல்லை. ஆனால் குனியும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். யாராவது "என்ன டாக்டர்?" என்றால், "ஒண்ணுமில்லைங்க, விடுங்க. வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வேதம் சொல்லுதே" என்பார். சிறுநீரகம் அதற்கும் வந்தது.

அந்த ஞாயிறு, போதகர் அவரைச் சாட்சி சொல்ல அழைத்தார். மறுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே படியேறினார். யாராவது சாட்சி சொன்னால் பின்னால் கீபோர்டில் மெல்லிசாக ஒரு ராகம் போவது அந்தச் சபையின் பழக்கம், வாசிப்பவர் தம்பிதான். டாக்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணுமே இல்லைங்க. வெறும் புழு. ஒரு புழுகிட்ட இருந்து ஆண்டவர் ஒரு உறுப்பை எடுத்து..." என்று ஆரம்பித்தார். தாழ்மை குறையில்லாமல் பொழிந்தது. முதல் வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போது ராகம் நின்று ஒரே ஒரு சுரம் மட்டும் நீண்டு ஒலித்தது. தம்பியின் நெற்றி கட்டைகள்மேல் கிடந்தது.

டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. விலாவுக்குள் அந்தக் கனம் வந்து உட்கார்ந்ததே. ஆனாலும் வாக்கியம் பாதியில் இருந்தது, சபை அல்லேலூயா சொல்லத் தயாராக இருந்தது. அவர் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

இதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொன்னாலும் சொல்லமாட்டார்.

ஆஸ்பத்திரியில் குழம்பிப்போய் அண்ணன் தம்பி இருவரையும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டருக்குள் இரண்டும் பத்திரமாக இருந்தன. செய்தி அவர் வீடு சேருமுன் ஊர் சேர்ந்தது: மனிதன் எதையுமே கொடுக்கவில்லை, மேடையேறிப் புளுகியிருக்கிறான். கட்டிலில் கிடந்த தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் எழுந்திரிச்சதும் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேண்ணே" என்றார்.

"நீ சொன்னா நான் பக்கத்துல நின்னு கேட்பேன்டா. கேட்டா எனக்கு இனிக்கும். வேண்டாம்."

பேசாமல் வீட்டுக்குப் போனார். சிறுநீரகம் வழக்கத்தைவிடத் தாமதமாக, நம்பலாமா என்று யோசித்து யோசித்துத் திரும்பிப் போனது. மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து நீட்டினால் பேர் மீண்டுவிடும்; அந்தப் பெருமைக்குச் சிறுநீரகம் திரும்பி வரும், தம்பி போய்விடுவார். டாக்டர் எடுக்கவில்லை. சபைக் கமிட்டியிலிருந்து அவரை நீக்கினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுத்தபோது, 'இத்தனையும் பொறுத்துக்கொள்கிறேனே, என்னைப்போல் யார் பொறுப்பார்' என்று ஒருநாள் மனத்துக்குள் இனித்தது. தம்பியின் கணுக்கால் லேசாக வீங்கியது. தம்பி மனைவி போனில் "அத்தான்..." என்று மட்டும் இழுத்தாள். "புரியுதும்மா" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் பாதியில் முடிக்காமல் விட்டிருக்க வேண்டிய அந்த வாக்கியத்தை நினைத்துக்கொள்வார். அதை நினைத்தால் பெருமை தலைகாட்டாது.

வருஷங்கள் ஓடின. சபைக்குப் புதிதாக வந்த ஒரு அம்மாள் பல்வலியோடு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். இந்த டாக்டர் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"நம்ம சபையில ஒருத்தன் இருந்தானாமே டாக்டர், தம்பிக்குக் கிட்னி குடுத்தேன்னு மேடையில அழுதானாம். நகத்தைக்கூட வெட்டிக் குடுக்காத பய. இப்படியும் மனுஷன் இருப்பானா?"

டாக்டரின் கை விலாப்பக்கம் போகப் பார்த்தது. அதைப் பிடித்துக் கையுறைக்குள் நுழைத்தார்.

"இருப்பாம்மா. வாயைத் திறங்க."

கடைவாய்ப் பல், காப்பாற்ற முடியாதது. பிடுங்கினார்.