இரண்டு நிமிட நிசப்தம்

ஆண்டுத் திரைப்பட விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியாகி இரண்டு வாரத்துக்குள், டயாலிசிஸ் பிரிவின் மருந்து அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டுவிடும். பதினோரு ஆண்டுகளாக இது தவறியதில்லை. ஒட்டுபவர் அங்கே ஆறு இயந்திரங்களைக் கவனிக்கும் டெக்னீஷியன். விருது யாருக்குப் போகும் என்று அவர் எழுதுவதில்லை. அது பத்திரிகைக்காரர்கள் வேலை என்பார். பட்டியலில் இருப்பவர்களில் தனக்கு யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒவ்வொரு விருதுப் பிரிவுக்கும் ஒரு வரி எழுதுவார். பட்டியலில் ஒரு படம் பார்க்காமல் பாக்கியிருந்தாலும் பேனாவைத் திறக்க மாட்டார்.

நோயாளிகள் இந்தத் தாளுக்காகக் காத்திருப்பார்கள். வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்காமல் கிடப்பவர்களுக்குச் சண்டை போட ஏதாவது வேண்டும்.

இந்த ஆண்டுத் தாளை இரண்டாம் எண் நாற்காலியில் இருந்த டீச்சர் சத்தமாகப் படித்தார். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் வகுப்புக் குரல் போகவில்லை.

"சிறந்த நடிகை, சமையலறைப் படத்துல வர்ற அந்தப் பொண்ணு. சரி, எனக்கும் அவளைத்தான் பிடிச்சது. சிறந்த ஒலியமைப்பு, அதே படம். காரணம்..." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "'கணவன் இறந்த செய்தி வந்த பிறகு இரண்டு நிமிடம் ஒரு சத்தம்கூட இல்லை. நிசப்தத்தையே ஒலியாக வைத்த துணிச்சல்.' இதென்ன தம்பி?"

"ஏன், தப்பா இருக்கா?"

"எந்த நிசப்தம்? உள்ளே கெட்டில் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கே. அவ அசையாம உட்கார்ந்திருக்கா. அதுதானே அந்த சீனே!"

டெக்னீஷியன் சிரித்தார். "நீங்க வேற படத்தைச் சொல்றீங்க டீச்சர்."

தூணுக்கு அந்தப்பக்கம், மூன்றாம் எண்ணில் இருந்த லாரி டிரைவர் தலையை நீட்டினார். "அண்ணே, நான் காதைப் பொத்திக்கிட்டேன்ணே. என் லாரி ஹார்னே தேவலை."

"எனக்கு முன் சீட்டுல ஒரு குழந்தை அழுதுடுச்சு," என்றார் நர்ஸ், கையுறையை மாட்டிக்கொண்டே. ஒரு வாரமாக அவர் டெக்னீஷியனுடன் நேராகப் பேசுவதில்லை. இப்போதும் டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னார்.

மூவரும் சேர்ந்து கலாய்க்கிறார்கள் என்று டெக்னீஷியன் நினைத்தார். இரண்டு தடவை தியேட்டரில் பார்த்த படம். அந்த இரண்டு நிமிடமும் அவர் மூச்சுவிடாமல் இருந்தார். எதுவும் கூப்பிடாமல், அவளாகவே எழுந்து உள்ளே போன அந்தக் கடைசி அசைவுக்காகத்தான் நடிகை பிரிவிலும் அவளை எழுதியிருந்தார்.

"பந்தயமா?" என்ற டீச்சர், ஊசி இல்லாத கையால் செல்போனில் படத்தின் அந்தக் காட்சியைத் தேடி எடுத்தார். டெக்னீஷியன் குனிந்தார். திரையில் மேசை, ஒரு முகம், அசையாத கண்கள். தியேட்டரில் பார்த்தது போலவே இருந்தது.

"சத்தம் வைங்க டீச்சர்."

"முழுசா வச்சிருக்கேன்."

"இல்ல, கேக்கலையே."

"அய்யோ, அணைங்க டீச்சர்!" தூணுக்குப் பின்னாலிருந்து டிரைவர் கத்தினார். "காது கிழியுது!"

டெக்னீஷியனுக்கு டிரைவர் கத்தியது கேட்டது. டீச்சர் மூச்சு வாங்குவது கேட்டது. அறைக் கதவு இழுபடும் கரகரப்பும் கேட்டது. பத்தடி தள்ளி இருப்பவனின் காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும், முகத்துக்கு நேரே இருந்தும், இல்லை.

போன திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. "கேட்டும் கேக்காத மாதிரி நிக்கறீங்களே, நான் மட்டும்தான் ஓடணுமா?" என்று நர்ஸ் எல்லோர் எதிரிலும் கேட்டிருந்தார். என்னை மட்டம் தட்டவே முந்திக்கொண்டு ஓடுகிறாள் என்று டெக்னீஷியன் பதிலுக்குச் சத்தம் போட்டார். அன்று அடித்தது மூன்றாம் எண் அலாரம். அதுவும் விசில் போலக் கீச்சிடுவதுதான். மற்ற ஐந்து இயந்திரங்களிலும் அலாரத்தோடு எரியும் சிவப்பு விளக்கு அறையில் எங்கே நின்றாலும் தெரியும். மூன்றாம் எண்ணின் விளக்கை மட்டும் தூண் மறைக்கும்.

எத்தனை மாதமாக விளக்கைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன்?

டீச்சர் செல்போனை அணைத்துவிட்டார். அவர் முகம் மாறியிருந்தது. டெக்னீஷியனைப் பார்க்காமல், அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அடுத்த நாற்காலிக்காரரும் அங்கேதான் பார்த்தார். நர்ஸ் டெக்னீஷியனை இடித்துக்கொண்டு ஓடினார்.

"அண்ணே, என்னுது அடிக்குதுண்ணே!" என்றார் டிரைவர்.

டெக்னீஷியன் திரும்பி ஓடினார். பேச்சில் சேர டிரைவர் தலையை நீட்டியதில், அவர் முழங்கைக்கு அடியில் குழாய் மடிந்திருந்தது. பம்பு நின்றுவிட்டது. இப்படியே விட்டால் குழாயிலேயே ரத்தம் உறையத் தொடங்கும். நர்ஸ் மடிப்பை நீக்கி, பொத்தானை அழுத்தினார். சிவப்பு பச்சையானது. அந்த நிற மாற்றம் ஒன்றுதான் டெக்னீஷியனுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு நேரமா அடிச்சது?"

நர்ஸ் ஒரு வாரத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தார். அவர் கண்ணில் இப்போது கோபம் இல்லை. அதுதான் டெக்னீஷியனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க குனிஞ்சு செல்போனைப் பார்த்தப்பவே ஆரம்பிச்சுடுச்சு. முதல்ல நானும் அது படத்துச் சத்தம்னு நினைச்சேன்."

"திங்கட்கிழமையும் எனக்குக் கேக்கல சிஸ்டர். சத்தியமா."

டிரைவர் முழங்கையைக் குழாயிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார்.

டெக்னீஷியன் சட்டைப் பையிலிருந்து இயந்திர அறைச் சாவியை எடுத்து நர்ஸிடம் நீட்டினார். "மாத்து ஆளை வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்க இந்த இடத்தை விட்டு நகராதீங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"சொன்னா இந்த வேலையில இனிமே..." நர்ஸ் முடிக்கவில்லை.

"தெரியும்."

வாசல் வரை போனவர், அலமாரிக் கதவில் இருந்த தாளின் முன் நின்றார். கிழிப்பார் என்று டீச்சர் நினைத்தார். அவர் கிழிக்கவில்லை.

"டீச்சர், அப்போ கடைசியில அவ எழுந்து உள்ளே போறது?"



"அடுப்பை அணைக்கத்தான் தம்பி."