துடைத்து வைத்த குழாய்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: பேராசிரியர் தீசன். ஆய்வு மாணவி வீப்கே. மெக்கானிக் ஹைனோ. பிறகு நான், அதே கூடத்தில் படிப்பைப் பாதியில் விட்டவன், இப்போது இரவு வேலைக்காரன். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பை விடிய விடியப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஜெர்மனியின் கீல் துறைமுகத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கூடத்தை வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை அந்த நீண்ட எஃகுக் குழாயை அறுத்து எடுத்துப்போக கிரேன் வருகிறது.

வீப்கேவுக்கு ஒரே ஒரு எண் வேண்டும். ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒட்டிய துணுக்கு, மூவாயிரம் டிகிரிக்கு மேல் எவ்வளவு வேகமாக உடைகிறது? அது இல்லாமல் அவள் ஆய்வேடு நிற்காது. துணுக்கு தானாக உடைய வேண்டும். பக்கத்தில் வேறு ஆவி கொஞ்சம் இருந்தாலும் அதோடு சேர்ந்து காணாமல் போகும், எண் பொய்யாகிவிடும். பம்ப் அதற்குத்தான். நான் காலை ஆறு மணிக்குக் கிளம்பியபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

மத்தியானம் திரும்பி வந்தேன். வெடிக்கப்போகிறது என்பதற்கு அடையாளமாக ஹைனோ சுத்தியலால் தூணில் இரண்டு தட்டு தட்டினார். காதைப் பொத்திக்கொண்டோம். குழாயின் நடுவில் அடைத்திருந்த அலுமினியத் தகடு அழுத்தத்தில் கிழிந்தது, அதிர்ச்சி அலை உள்ளிருந்த வாயுவைச் சூடாக்கியபடி குழாய்க்குள் ஓடி முடிந்தது. திரையில் துணுக்கின் அளவைக் காட்டும் கோடு ஏறியது, உடனே செங்குத்தாக விழுந்தது.

"அடேயப்பா, என்ன வேகமா விழுது!" என்றார் தீசன்.

"விழாம? கடைசி வெடியாச்சேன்னு காலையில நானே திறந்து உள்ள பளபளன்னு துடைச்சு வெச்சேன்," என்றார் ஹைனோ.

வீப்கே திரும்பினாள். "எதை வெச்சு?"

"எதை வெச்சு துடைப்பாங்க பொண்ணே, பீரையா? அசிட்டோன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அசிட்டோன் பார்வைக்குச் சீக்கிரம் உலர்ந்தாலும், குழாயின் உள்சுவரில் ஒட்டிய மிச்சம் எளிதில் போகாது. துடைத்தால் இரண்டு இரவாவது உறிஞ்ச வேண்டும். அது ஹைனோவுக்கும் தெரியும். எப்போதும் இரண்டு நாள் முன்பே துடைத்துவிடுவார்.

"இதைவிட வேகமா உடையாதுன்னு எழுதிக்கலாம்," என்றார் தீசன்.

"அது கருங்கல்லுக்கும் பொருந்தும், ப்ரொஃபஸர்," என்றாள் வீப்கே.

தீசன் கட்டட அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒரே ஒரு நாள் கேட்டார். மறுபக்கம் பேசியதைக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனை வைத்தார். மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹைனோ துணியைக் கையிலேயே வைத்திருந்தார். "உனக்காகத்தான்..."

"தெரியும், ஹைனோ. வீட்டுக்குப் போங்க."

அவரும் போனார். இன்னொரு தகடு இருந்தது. வாயுவும் கொஞ்சம் இருந்தது. மிஞ்சியிருந்த ஒரே இரவுதான் போதாது. காலை ஏழுக்கே அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் குழாய் சுத்தமாகாது.

"பம்பைப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

அவள் திரையை அணைத்தாள். குடையை மறந்து மழையில் இறங்கினாள். கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டினேன்.