காகிதம் ஒட்டவில்லை

காகிதம் ஒட்டவில்லை. காரின் ரேடியேட்டருக்கு முன்னால் அவர் பிடித்திருந்த செய்தித்தாள், கையிலிருந்து நழுவிப் பறந்து வந்து அவர் முகத்தை மூடியது. கொஞ்ச நேரம் அச்சு மையின் வாசனைக்குள் அப்படியே நின்றார். அந்த நிலையிலும் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது.

"என்ன ஆச்சு?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது.

அவர் காகிதத்தை முகத்திலிருந்து எடுத்தார். "ஒட்டுது. பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது."

 "அப்படியா," என்றாள்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். ஹோட்டலுக்குப் போனால் சாப்பிடுவதற்கு முன் விலைப்பட்டியலைத் திருத்துகிறவர். பிழையைக் கண்டுபிடித்துவிட்டு அவர் வாய் மூடி நின்றது இதுவே முதல் தடவை.

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். எல்லோருக்கும் மாஸ்டர். அவருக்கும் மாஸ்டர்தான். வாலிபத்தில் அவளிடம் கார் கற்றுக்கொள்ளப் போய், கியரை மட்டும் ஒழுங்காக மாற்றத் தெரியாமல், மற்றபடி வாழ்க்கை மொத்தத்தையும் மாற்றிக்கொண்டு வந்தவர் அவர். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவளுடையது. வாங்கும்போதே பழசு. குழந்தை இல்லையே என்று யாராவது உச்சுக் கொட்டினால், "ரெண்டு சீட்டுதானே இருக்கு, மூணாவது ஆள் எங்க உக்காரும்?" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர் மட்டும் சிரித்ததில்லை.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிய அன்று, அந்தக் காரில்தான் திரும்பினார்கள். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, முன்பக்கம் புகை கக்கியது. சாலையோரம் நிறுத்திவிட்டு, அது ஆறும்வரை இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மரங்களெல்லாம் ஆவிக்குள் மிதந்தன. "நான் போறதுக்குள்ள இது ஏன் கொதிக்குதுன்னு தெரிஞ்சாகணும்," என்றாள் அவள்.

கட்டிலை, கார் நிற்கும் ஷெட்டைப் பார்த்த ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். அவள் வாய், அவர் கை. தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொன்னாள், ஒழுகவில்லை. என்ஜின் ஓடும்போது ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்றாள், வரவில்லை. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போடச் சொன்னாள். அவர் அதைப் பால் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதிக்க, அந்தப் பித்தளை வில்லை மெல்ல வாய் திறந்தது; அதிலும் கோளாறில்லை. உதவிக்கு வந்திருந்த அவள் தங்கை, "மாமா, இதுலதானே நான் காலையில பால் காய்ச்சினேன்?" என்று தலையில் கை வைத்தாள்.

சாப்பாடு நின்றுபோனது. பார்க்க வருகிறவர்களுக்கு அவள் கண் திறப்பதில்லை. கார் பேச்சென்றால் மட்டும் திறந்தாள். காலையில் அவர் போய் நின்றதும், "இன்னைக்கு என்ன பாக்கலாம்னா..." என்று ஆரம்பிப்பாள். அப்போதுதான் அவருக்கு அந்தப் பயம் பிடித்தது. கோளாறு கிடைத்துவிட்டால் மறுநாள் காலையில் பார்க்க என்ன இருக்கும்? இவள் எதற்காக இருப்பாள்?

இன்றைக்குக் கிடைத்துவிட்டது. காற்றை உள்ளே இழுக்க வேண்டிய மின்விசிறி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். மதிய வெயில் திரைச்சீலை வழியாக வந்து கட்டிலின்மேல் தண்ணீரைப் போல அசைந்தது. அதற்கடியில் அவள் எங்கோ ஆழத்தில் படுத்திருப்பதாகத் தோன்றியது.

"ஃபேன்ல ஒண்ணும் இல்ல, மாஸ்டர். நாளைக்கு வாட்டர் பம்ப்பைப் பாப்போம். அதுக்கப்புறம் ரேடியேட்டரைக் கழட்டி உள்ள அடைப்பு இருக்கான்னு..."

"ஏங்க, காகிதம் ஒட்டினா ஃபேன் சத்தம் மாறும்." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மூச்சு அடைச்ச மாதிரி கம்மிப் போகும். மாறவே இல்லையே."

 தங்கை துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

"பொய் சொல்லவும் தெரியல உங்களுக்கு," என்றாள் அவள்.

"கண்டுபிடிச்சாச்சுன்னா நீ..."  போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவிட்டாள்.

பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பழைய ஃபேனை மாத்தி இதைப் போட்டோமே, அன்னைக்கு ஒயரை நீங்கதானே மாட்டினீங்க?" என்று கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரிதான் மாட்டினேன். ரெண்டும் கறுப்பு. இடது பக்கத்து ஒயரைப் பேட்டரியில குடுங்கன்னு இந்த ஜன்னல்ல நின்னு சொன்னே. இடதுலதான் குடுத்தேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கப் பார்த்தாள்; அது இருமலில் போய் முடிந்தது.

"நான் என் இடதைச் சொன்னேங்க. நீங்க எதிர்ல நின்னீங்க. உங்க இடதுல குடுத்திருக்கீங்க. அதான் ஃபேன் தலைகீழா சுத்துது." மூச்சு வாங்கினாள். "காலம் பூரா பக்கத்துல உக்காந்தே சொல்லிப் பழகிட்டேன். பக்கத்துல இருந்தா என் இடதுதானே உங்களுக்கும் இடது."

அவரும் சிரித்தார். கண்ணீர் இன்னும் காயவில்லை.

"தப்பு உன்மேலதான் மாஸ்டர்."

"ஆமா, என்மேலதான். போய் மாத்துங்க."

"நாளைக்கு மாத்துறேனே."

அவள் அவரையே பார்த்தாள். ரிவர்ஸ் எடுக்கத் தயங்கும் மாணவனை அவள் இப்படித்தான் பார்ப்பாள். கோபம் இருக்காது, காத்திருப்பாள். அவர் எழுந்தார்.

ஒயரை மாற்றிக் கொடுக்க அதிக நேரம் ஆகவில்லை. மின்விசிறி சுழன்றது. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து முன்னால் கொண்டுபோனார். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒட்டியது. சத்தம் அவள் சொன்ன மாதிரியே கம்மிப் போனது.

"ம்," என்றது ஜன்னல். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. முள் பாதியில நிக்குதா பாருங்க. நல்லா ஓடட்டும், அவசரப்படாதீங்க."

அவர் காகிதத்தை உரித்தெடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமி, பிறகு நிதானப்பட்டது. ஷெட்டின் வாசலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. தூசி அதில் மெதுவாக ஏறி இறங்கியது. கார் நின்ற இடத்திலேயே நின்றாலும், ஆளில்லாத நீண்ட சாலையொன்றில் போய்க்கொண்டிருப்பது போல அவருக்கு இருந்தது. முள் மேலே ஏறியது. பாதிக்கு வந்தது. நின்றது.

"நின்னுடுச்சு மாஸ்டர்!" என்று கத்தினார்.

ஜன்னலில் தங்கையின் முகம் தெரிந்தது. முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள்.

"மாமா," என்றாள். "வண்டியை நிறுத்திட்டு உள்ள வாங்க. அக்கா போயிட்டா."

அவர் தலையாட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்மா," என்றார். "அவசரப்பட வேணாம்னு சொல்லியிருக்கா."

கியரில் கால் தட்டாமல் எழுந்து, அவள் உட்காரும் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முள் பாதியிலேயே நின்றது.